உரிமம் திரும்பும் நாளில்

செஞ்சியைக் கடக்கும் சாலைக்கு மாதத்தில் இரண்டு இரவுகள் உறக்கமில்லை. பௌர்ணமியன்று கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலைக்குப் போகும் வண்டிகள். அமாவாசையன்று ஊஞ்சல் உற்சவத்துக்காக மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் வண்டிகள். திண்டிவனத்தில் தொடங்கி, செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரி சேரும் தேசிய நெடுஞ்சாலை 77இல் அந்த இரவுகளில் பஸ், வேன், குட்டியானை, பைக் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகரும். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. இனி இந்தச் சாலையில் நெரிசல் குறையும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

இந்தச் சாலையில் காவலர் கைகாட்டி நிறுத்தி, "ஊது" என்று ஒரு கருவியை வாயருகே நீட்டினால் அடுத்து என்ன நடக்கும் என்பது ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். திரையில் தெரியும் எண் 30ஐத் தாண்டினால் 'டிரங்க் அண்ட் டிரைவ்' கேஸ். நீதிமன்றத்தில் 10,000 ரூபாய் அபராதம். லைசென்ஸ் கையைவிட்டுப் போகும், சில மாதம் கழித்துத் திரும்பி வரும். அது திரும்பி வரும் நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கடும் போதையில் ஓட்டி உரிமத்தை இழந்தவர், அதை மீட்க ரத்தத்தையோ சிறுநீரையோ தலைமுடியையோ சோதனைக்குக் கொடுத்தாக வேண்டும். செஞ்சியில் அப்படி எதுவும் கேட்கப்படுவதில்லை. அவர் இன்னும் குடிக்கிறாரா என்று விசாரிக்கச் சட்டத்தில் ஏற்பாடு இல்லை. குடியை விட்டவர் "விட்டுவிட்டேன்" என்று நிரூபித்துக் காட்டவும் ஏற்பாடு இல்லை. இவற்றில் இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 1988இல் இயற்றப்பட்டபோது, ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் எவ்வளவு சிறிதளவு இருந்தாலும் குற்றம்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வரம்பு 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அந்த 30 மில்லிகிராம் மூச்சுக் கருவியில் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. 203ஆம் பிரிவு ஊதச் சொல்லும் அதிகாரத்தையும், 204ஆம் பிரிவு பதிவுபெற்ற மருத்துவர் மூலம் ரத்தம் எடுக்கும் அதிகாரத்தையும் தருகின்றன. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனை நடக்காவிட்டால் அவரை விட்டுவிட வேண்டும் என்கிறது 202. ஆய்வகச் சோதனையும் செல்லும் என்று 185ஆம் பிரிவிலேயே எழுதிச் சேர்க்க 2019வரை ஆனது.

உரிமத்தைப் பறிக்க இரண்டு கைகள் உண்டு. ஒன்று நீதிமன்றம்: 185இன் கீழ் தண்டிக்கப்பட்டவரைக் குறைந்தது ஆறு மாதம் தகுதிநீக்கம் செய்ய வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. மற்றொன்று உரிமம் வழங்கும் அதிகாரி, அதாவது ஆர்.டி.ஓ. 2019 திருத்தத்துக்குப் பிறகு, காவலர் பறிமுதல் செய்து அனுப்பும் உரிமத்தை அவர் முதல் தடவை மூன்று மாதம் முடக்கலாம். மறு தடவை ரத்தே செய்யலாம். நீதியரசர் கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, குடித்து ஓட்டுவோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கும்படி மாநிலங்களுக்கு 2015 ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தது. தவணை முடிந்ததும் உரிமத்தைத் திரும்பப் பெற ஒரேயொரு நிபந்தனை: ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாததால் அவர் பிடிபடவில்லை. இருபது வருடம் லாரி ஓட்டியவருக்குச் சாலை விதியை மறுபடி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டால், அவரைச் சிக்கவைத்த காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தக் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தி, ரம், விஸ்கி எதுவானாலும் வலிமை 42.8 சதவீதம். அதிலுள்ள சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் ஏறத்தாழ 60 கிராம். ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் 1932இல் வகுத்த சூத்திரம் இன்றும் நீதிமன்றங்களில் பயன்படுகிறது. அதன்படி 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண் ஒரு குவார்ட்டரைக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 150 மில்லிகிராம் ஏறும். கல்லீரல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம் குறைக்கிறது. மோரும் எலுமிச்சையும் தலைக்குளியலும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆக, 150லிருந்து 30க்கு இறங்க எட்டு மணி நேரம் ஆகிறது. இரவு பதினொரு மணிக்குக் குவார்ட்டரை முடித்துப் படுத்தவர் விடியற்காலை நான்கு மணிக்குப் பால் வண்டியையோ காய்கறி லோடையோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் ரத்தத்தில் 75 மில்லிகிராம் இருக்கும், வரம்பைப் போல இரண்டரை மடங்கு. தூங்கி எழுந்துவிட்டதால் தெளிந்துவிட்டதாக அவர் மனதார நம்புகிறார். பாதிக் குவார்ட்டரான கட்டிங்கே வரம்புக்குள் இறங்க மூன்று மணி நேரம் எடுக்கும்.

60 கிராம் என்ற எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் கதைக்கு அதுதான் அச்சாணி. மூச்சுக் கருவியும் சாதாரண ஆல்கஹால் ரத்தச் சோதனையும் அந்த நேரத்துப் போதையை மட்டுமே காட்டும். மறுநாள் சோதித்தால் ஒன்றும் தெரியாது. பழக்கத்தைக் காட்டும் சோதனை வேறு. கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்கிறது. அதன் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். ஒருவர் நாளொன்றுக்கு 50 முதல் 80 கிராம் ஆல்கஹாலை இரண்டு வாரம்போலத் தொடர்ந்து குடித்தால், அந்தச் சங்கிலிகள் இழந்த டிரான்ஸ்ஃபெரினின் பங்கு ரத்தத்தில் கூடிவிடும். ஸ்வீடனின் நரம்பியல் மருத்துவர் ஹெலெனா ஸ்டிப்ளர் 1970களில் கண்டுபிடித்தது இது. சி.டி.டி. சோதனை என்பார்கள். குடியை நிறுத்திய பிறகு அந்தப் பங்கு பாதியாகக் குறைய ஏறத்தாழ 15 நாள் ஆகும். தினம் ஒரு குவார்ட்டர் போடுகிறவர், நம் ஊர்க் கணக்கில் "அளவாகக் குடிப்பவர்", இந்தச் சோதனை பிடிப்பதற்கென்றே அமைந்த எல்லைக்குள்தான் நிற்கிறார்.

பிரிட்டனில் இந்தச் சோதனைதான் உரிமத்தின் வாசற்காவல். அங்கே இங்கிலாந்து, வேல்ஸில் வரம்பு 80 மில்லிகிராம், நம்முடையதைவிடத் தாராளம். ஆனால் 200ஐத் தாண்டியவர், பத்து ஆண்டுக்குள் இரண்டு முறை பிடிபட்டவர், சோதனைக்கு மாதிரி தர மறுத்தவர் ஆகியோரை 'அதிக ஆபத்துள்ள குற்றவாளி' என்று தனியே பிரித்துவிடுகிறார்கள். தடைக்காலம் முடிந்தாலும் உரிமத் துறை நியமித்த மருத்துவரிடம் போய் சி.டி.டி.க்கு ரத்தம் கொடுத்துத் தேறாமல் அவர்களால் வண்டியைத் தொட முடியாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே ஓட்டத் தொடங்கும் வழியும் முன்பு இருந்தது; 2013 ஜூனுக்குப் பின் தடைசெய்யப்பட்டவர்களுக்கு அது மூடப்பட்டது. ஜெர்மனி இன்னும் கண்டிப்பு. ரத்தத்தில் 1.6 புரோமில், அதாவது ஏறத்தாழ 160 மில்லிகிராம், இருந்தால் மருத்துவ-உளவியல் தேர்வு கட்டாயம். குடியை அறவே விட்டதாகச் சொல்பவர் அதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ சான்று காட்ட வேண்டும். முன்னறிவிப்பின்றி அழைத்துச் சிறுநீர் கேட்பார்கள், அல்லது முடியைச் சோதிப்பார்கள். ஆல்கஹால் உடைந்து உண்டாகும் எத்தில் குளுகுரோனைடு முடியில் தங்குகிறது, முடியோ மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே மூன்று சென்டிமீட்டர் முடியில் மூன்று மாதக் குடியின் பதிவு இருக்கும். அதோடு உளவியலாளரிடம் உட்கார்ந்து, ஏன் குடித்தேன், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று பேச வேண்டும்.

இதை அப்படியே தூக்கிவந்து செஞ்சியில் வைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒற்றைச் சோதனையின் பலவீனம் நம் ஊர் வழக்கத்தை வைத்துப் பார்த்தாலே புரியும். சபரிமலைக்கு மாலை போடும் ஓட்டுநர்கள் ஒரு மண்டலம், 48 நாள், ஒரு சொட்டும் தொடுவதில்லை. கார்த்திகையில் டாஸ்மாக் பக்கமே திரும்பாதவர் மாலையைக் கழற்றிய வாரத்தில் பழையபடி நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த 48ஆம் நாளில் ரத்தம் எடுத்தால் சி.டி.டி. சுத்தமாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, ரத்தமும் பொய் சொல்லவில்லை. கேட்ட நாள்தான் தவறு. அதனால் தடைக்காலத்துக்குள் நாள் சொல்லாமல் இரண்டு மூன்று முறை எடுக்கும் சோதனைக்கே மதிப்பு உண்டு. அந்த ஓட்டுநரிடம் வேறொன்றும் தெரிகிறது: ஒரு காரணம் கிடைத்தால் அவரால் நிறுத்த முடிகிறது. உரிமம் அப்படியொரு காரணமாக ஆகலாம்.

மலிவான மாற்று இல்லையா என்று கேட்பார்கள். எந்த லேபிலும் செய்யும் கல்லீரல் சோதனையில் ஜி.ஜி.டி. என்ற நொதி வரும், குடித்தால் அது உயரும். ஆனால் கொழுப்புக் கல்லீரல், உடற்பருமன், வலிப்பு மாத்திரை எதுவும் அதை உயர்த்தும். நீரிழிவும் தொந்தியும் இவ்வளவு பரவிய தமிழ்நாட்டில் ஜி.ஜி.டி.யை மட்டும் வைத்து ஒருவரைக் குடிகாரர் என்பது அநியாயம். சிவப்பணுக்களின் சராசரிப் பருமனும் தொடர்ந்து குடிப்பவருக்குக் கூடும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் அது இறங்க மூன்று நான்கு மாதம் ஆகும். நம் தடைக்காலத்தோடு பொருந்துகிற அளவுகோல் என்று தோன்றினாலும், பி12 குறைபாடு அதையும் கெடுத்துவிடுகிறது. சி.டி.டி. இவற்றைவிட நம்பகமானது, குறையற்றது அல்ல. முற்றிய கல்லீரல் நோயிலும் சில அரிய மரபுக் கூறுகளிலும் அது தவறாக உயரும். ஆல்கஹால் இல்லாமல் உடலில் உருவாகவே முடியாத பாஸ்ஃபாடிடில் எத்தனால் என்ற பொருளைத் தேடும் புதிய சோதனை இன்னும் துல்லியம். விரல் நுனியில் குத்தி அட்டையில் உலர்த்திய ரத்தத் துளி போதும், மூன்று நான்கு வாரக் குடியைக் காட்டிவிடும். தாலுகா மருத்துவமனையில் துளியை எடுத்து அஞ்சலில் அனுப்பும் காலம் வந்தால் இதுதான் நமக்குத் தோதானது என்று நினைக்கிறேன்.

சோதனையைவிடக் கடினம், ரத்தத்தைக் காப்பது. இதில் நம் நாட்டு அனுபவம் நீளமானது. நச்சுப் பொருள்களைக் கண்டறிய இந்தியாவின் முதல் வேதியியல் ஆய்வகம் 1849இல் சென்னையில்தான் அமைந்தது. இன்றைய தடய அறிவியல் துறையின் வேர் அது. அதன் வட்டார ஆய்வகம் ஒன்று விழுப்புரத்திலேயே இருக்கிறது. ஆனால் 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய காலம் முதல் குடித்தவரைக் கண்டுபிடிக்க நம் மருத்துவமனைகள் நம்பியது மூக்கையும் கண்ணையும்தான்: வாயில் வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி. அவை மட்டும் போதாது, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பச்சுபாய் வழக்கில் 1971இலேயே சுட்டிக்காட்டியது. மூச்சுக் கருவிக்கும் தன் பங்குக்குப் பிழை உண்டு. வாயில் தங்கிய ஆல்கஹாலை அது ரத்தத்தில் உள்ளதாக எண்ணிவிடும். நன்கு பழுத்த பலாச்சுளை தின்ற கேரள அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் 2025இல் அப்படிச் சிக்கிப் பிறகு தெளிந்தார்கள். வாயைக் கொப்பளித்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னால் போதும், இந்தக் குழப்பம் வராது.

ரத்தத்திலும் பிழை நுழையும் வாசல்கள் பல. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது செவிலியரின் கைப்பழக்கம். ஆல்கஹால் சோதனைக்கு அது கூடாது. குழாயில் சோடியம் ஃபுளூரைடு இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் புதிதாக ஆல்கஹாலை உண்டாக்கும். எல்லாவற்றையும்விட மோசமான வாசல் மனிதர்கள். 2024 மே மாதம் புனேயில் இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்ற கார் விபத்தில், ஓட்டிய சிறுவனின் ரத்தத்தைக் குப்பையில் எறிந்துவிட்டுத் தாயின் ரத்தத்தை வைத்ததாக அரசு மருத்துவமனையின் மருத்துவர்களே கைதானார்கள். டெல்லியில் 1999இல் நடந்த பி.எம்.டபிள்யூ. விபத்திலோ ரத்தம் சாட்சியாக நின்றது. அதில் இருந்த 0.115 சதவீத ஆல்கஹாலை உச்ச நீதிமன்றம் 2012இல் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பை வழங்கிய அமர்வில் இருந்தவர் மேலே சொன்ன அதே ராதாகிருஷ்ணன். பணமும் செல்வாக்கும் உள்ள இடத்தில் மாற்றிவைக்கப்படும் ரத்தம், அவை இல்லாத இடத்தில் எடுக்கப்படுவதே இல்லை. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். ஆனால் நாடு முழுவதுக்குமான அரசு அறிக்கையில் மதுவால் நேர்ந்தவை என்று பதிவாகும் சாவுகள் மூன்று சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. இதை என்னால் நம்ப முடியவில்லை. சோதிக்காத ரத்தம் கணக்கில் வராது.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு உறவு உண்டு. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு, தமிழ்நாடு அரசுக்கும் வழக்கறிஞர் கே. பாலுவுக்கும் இடையிலானது. அவர் சார்ந்த பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் ராமதாஸ் வசிக்கும் தைலாபுரம், செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாக எட்டிவிடும் தூரம்தான். 2017 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. 20,000 பேருக்குள் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு 220 மீட்டர் போதும் என்ற சலுகை, 27,000 பேரைக் கொண்ட செஞ்சிப் பேரூராட்சிக்குப் பொருந்தவில்லை. அடுத்த ஜூலையிலேயே நகராட்சி எல்லைகளுக்குத் தடை இல்லை என்ற விளக்கம் வந்து தீர்ப்பின் வீரியம் குறைந்தது. அந்தப் போராட்டத்தை மதிக்கிறேன். ஆனால் அது சாலையையும் கடையையும் அளந்தது. ஓட்டுபவரின் உடல் அளக்கப்படாமலே நின்றுவிட்டது. புதுச்சேரி ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் இருக்கும் ஊரில் கடையின் தூரத்தை மட்டும் கூட்டி என்ன பயன்?

செஞ்சியில் லைசென்ஸ் பலருக்குச் சோறு. கோட்டை மலைகளைச் சுற்றியுள்ள மானாவாரி நிலத்தில் மணிலா போட்டு மிச்சமில்லாத குடும்பங்களின் பிள்ளைகள் டிரைவராகப் போகிறார்கள். மூன்று மாதம் வண்டி ஓட்டாவிட்டால் தவணை நிற்கும், ஃபைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கிப் போவார். அந்த வேதனையில் குடி கூடுமே தவிரக் குறையாது. தினம் குடித்தவர் பயந்து ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்து: இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், சிலருக்குச் சித்தம் கலங்கும். உயிரே போகலாம். அந்த நாட்களை அவர் மருத்துவரின் கண்காணிப்பில் கழிக்க வேண்டும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ஆர். மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோய்ச் சிகிச்சையைக் குடும்பத்தோடு சேர்த்துச் செய்வது எப்படி என்று நாற்பது ஆண்டுக்கு மேலாகக் காட்டிவருகிறது. சிகிச்சைக்கான அறிவு நம்மிடமே உள்ளது. அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தையும் இணைக்கும் ஒரு தாள்தான் இல்லை.

அந்தத் தாளுக்கான இடம் இன்றைய சட்டத்திலேயே இருக்கிறது. 19ஆம் பிரிவு "வழக்கமான குடிகாரரின்" உரிமத்தைப் பறிக்க ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் தருகிறது. எதை வைத்து அப்படி முடிவெடுப்பது என்று சொல்லவில்லை. உரிமத்தை முடக்கும் முன் ஓட்டுநரின் பேச்சைக் கேட்டாக வேண்டும், முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. புத்தாக்கப் பயிற்சியின் பாடத்திட்டத்தை வகுப்பது அரசின் கையில். முதல் தடவை சிறிதளவில் பிடிபட்டவரை விட்டுவிடலாம். 150 மில்லிகிராமுக்கு மேல் காட்டியவரையும் இரண்டாம் முறை பிடிபட்டவரையும் மட்டும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம். அங்கே தடைக்காலத்தில் நாள் சொல்லாமல் இரண்டு முறை சி.டி.டி.க்கு ரத்தம் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு குழாய், ஒன்று ஓட்டுநர் சந்தேகப்பட்டால் மறுசோதனைக்கு. செலவு அரசுடையது. அவர் கட்டிய 10,000 ரூபாய் அபராதம் ஏற்கெனவே கருவூலத்தில் இருக்கிறது. முடிவு ஆர்.டி.ஓ.வுக்கும் மருத்துவருக்கும் ஓட்டுநருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். உரிமம் பறிபோனவர் பெயரைப் பொதுவில் வெளியிடலாம் என்று 2019 திருத்தம் இடம் தருகிறது. செஞ்சி மாதிரி எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் அது சிகிச்சைக்கு வரும் வழியையே அடைக்கும் என்பதால் அதை நான் எதிர்க்கிறேன். ரத்தம் சுத்தமாக வந்தால் உரிமத்தை ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ கொடுத்து, இடையில் ஒருமுறை மறுபடி சோதிக்கலாம். சுத்தமாக வராவிட்டால் முண்டியம்பாக்கத்துக்குச் சீட்டெழுதிக் கொடுத்து, தேறி வந்த பிறகு மீண்டும் கேட்கச் சொல்லலாம்.

விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. குடியை விட்ட ஓட்டுநர் ஒருவர் சென்னையில் ஏதாவதொரு பெரிய தனியார் ஆய்வகத்தில் தன் செலவில் சி.டி.டி. பார்த்து, அந்த அறிக்கையை விசாரணையன்று ஆர்.டி.ஓ.வின் மேசையில் வைப்பதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. அதிகாரி அதைப் படித்து, உத்தரவில் அதைப் பற்றி இரண்டு வரி எழுதினால், இந்த மாவட்டத்தில் ஒரு முன்மாதிரி பிறந்துவிடும்.